மானுடவியல் வீண்சுமையா?

கிருமியைக் கொல்வது மருந்து; மருத்துவ மாணவருக்கு மானுடவியல் வீண்சுமை என்கிறார் ஒரு கட்டுரையாளர். ஆனால் 2014இல் மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா பரவியபோது அதற்கென்று உரிமம் பெற்ற மருந்தே இல்லை. பிணத்திலிருந்து தொற்றும் என்று மருத்துவர்களுக்குத் தெரியும். அதனால் உடலைப் பையில் கட்டிக் கொண்டுபோனார்கள். குளிப்பாட்டாமல், தொழாமல் பெற்றவளை அனுப்ப எந்தப் பிள்ளைக்கு மனம் வரும்? குடும்பத்தார் நோயாளிகளை ஒளித்தார்கள், இறந்தவர்களை ரகசியமாகப் புதைத்தார்கள். கினியின் வோமே கிராமத்தில் எபோலா விழிப்புணர்வு ஊட்டப் போன எட்டுப் பேர் கொல்லப்பட்டார்கள். அந்த நவம்பரில்தான் உலக சுகாதார நிறுவனம், மானுடவியலாளர்களையும் சமயத் தலைவர்களையும் கலந்து, புதிய அடக்க நெறிமுறையை வெளியிட்டது: குடும்பத்தார் பாதுகாப்பாக நின்று பிரார்த்திக்கலாம், அடக்கத்தில் பங்கேற்கலாம். 11,000க்கும் மேற்பட்டோரைக் கொன்ற கொள்ளைநோய் அது. பாடத்திட்டத்தில் கைவைக்கும் முன் கட்டுரையாளர் அந்த நெறிமுறையை ஒருமுறை படிக்கட்டும்.