விளக்கை மாற்றுமுன்...



சென்ற மழைக்காலத்தில் ஒரு மாலைப்பொழுது, நம் இல்லத்திற்கு அருகில் வாழும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் நம்மைத் தேடி வந்தார். அவருக்கு வயது அறுபத்திநான்கு. பன்னிரண்டு ஆண்டுகளாக ஒரே காரைப் பேணி ஓட்டி வருபவர். அன்று அவர் முகத்தில் வழக்கமான மலர்ச்சி இல்லை. காரணத்தை அவரே கூறினார்.

மகள் வீட்டிற்குச் சென்றுவிட்டு, மனைவியுடனும் பேரக் குழந்தையுடனும் இரவு எட்டு மணியளவில் திரும்பிக்கொண்டிருந்தாராம். எதிரே வந்த வண்டியின் ஒளி கண்ணைப் பறித்தது. அது கடந்த மறுகணம், இடப்புறத்தில், விளக்கில்லாத சைக்கிளில் ஒருவர் சென்றுகொண்டிருப்பது மிக அருகில் தெரிந்தது. சட்டென்று திருப்பியதால் ஒரு முழ இடைவெளியில் உயிர் ஒன்று தப்பிற்று. வீடு வந்து சேரும்வரை எவரும் பேசவில்லை. வாசலில் இறங்கியதும் அவர் துணைவியார், "இனிமேல் இரவில் நீங்கள் வண்டி ஓட்ட வேண்டாம்" என்று மட்டும் சொன்னாராம்.

"தம்பி, என் வண்டியின் விளக்குகள் மங்கிவிட்டன. கடைக்காரர் நூறு வாட் பல்பு போடச் சொல்கிறார். நீலநிறப் பல்பு நல்லது என்கிறார் ஒருவர், எல்.ஈ.டி.தான் சிறந்தது என்கிறார் இன்னொருவர். எதை வாங்குவது?" என்பது அவர் வினா. நம் வாசகக் குடும்பங்கள் பலவற்றில் எழும் வினாவும் இதுவே ஆதலால், அவருக்குக் கூறியவற்றையும், பின்னர் நிகழ்ந்தவற்றையும் இம்மாதம் இங்கே எழுதுகிறோம்.

முதலில், பல்பு என்பது யாது எனப் பார்ப்போம். நம் நாட்டுக் கார்கள் பலவற்றில் இருப்பது 'எச்-4' எனப்படும் ஹாலஜன் பல்பு. 1971-ஆம் ஆண்டளவில் ஐரோப்பாவில் புழக்கத்திற்கு வந்த இதனுள் இரண்டு இழைகள் உள்ளன. பிரைட் ஒளிக்கு 60 வாட் இழை. டிம் ஒளிக்கு 55 வாட் இழை. டிம் இழையின் கீழே சிறு கிண்ணம் போன்ற ஒரு தகடு இருக்கும். இழையிலிருந்து கீழ்நோக்கிச் செல்லும் ஒளியை அத்தகடு மறைத்துவிடுவதால், எதிரே வருவோரின் கண்ணில் ஒளி பாயாமல், ஒரு கோடு கிழித்தாற்போல் மேற்பகுதி இருண்டும் கீழ்ப்பகுதி ஒளிர்ந்தும் காணப்படுகிறது. இழையும் தகடும் அமைந்திருக்கும் இடம் ஒரு மில்லிமீட்டர் பிசகினும் இந்தக் கோடு கலைந்துவிடும். விளக்கின் உள்ளே பளபளக்கும் ரிஃப்ளெக்டர் முழுவதும் அந்த இழையின் இடத்தைக் கணக்கிட்டே வடிவமைக்கப்பட்டது. இந்த ஓர் உண்மையை மனத்தில் இருத்திக்கொண்டால், கடைக்காரர் காட்டும் பெட்டிகளை நாமே எடைபோட இயலும்.

நூறு வாட் பல்பை எடுத்துக்கொள்வோம். 12 வோல்ட் மின்னழுத்தத்தில் 60 வாட் பல்பு 5 ஆம்பியர் மின்சாரத்தை இழுக்கிறது. 100 வாட் பல்பு 8 ஆம்பியருக்கு மேல் இழுக்கிறது. கம்பியில் உண்டாகும் வெப்பமோ மின்னோட்டத்தின் இருமடியைப் பொறுத்தது. ஆகவே அதே மெல்லிய கம்பியில் முன்னைவிட ஏறக்குறைய இரண்டே முக்கால் மடங்கு வெப்பம் உண்டாகும். ஹோல்டர் உருகுவதும், ரிஃப்ளெக்டரின் பூச்சுக் கொப்பளிப்பதும், சுவிட்ச் கருகுவதும் இதனாலேயே. சில வேளை வண்டியே தீப்பற்றுவதற்கும் இது வழிகோலும். இத்தனைக்கும் பின், எதிரே வருபவரின் கண்ணைக் கூசவைக்கும் ஒளியும் அதே அளவில் பெருகுகிறது.

அடுத்து நீலநிறப் பல்பு. சாதாரண ஹாலஜன் ஒளி சற்று மஞ்சள் கலந்தது. கண்ணாடிக்கு நீலப் பூச்சிட்டால், அப்பூச்சு மஞ்சள், சிவப்புப் பகுதிகளை வடிகட்டி நிறுத்திவிடுகிறது. வெளிவரும் ஒளி வெண்மையாகத் தோன்றினாலும் அளவில் குறைந்ததே. வடிகட்டியினால் ஒளி கூடியதாக எங்கும் வரலாறு இல்லை! மழையில் நனைந்த தார்ச்சாலையில் இந்த இழப்பு நன்கு புலப்படும்.

மூன்றாவது, எல்.ஈ.டி. தொழிற்சாலையிலேயே எல்.ஈ.டி. விளக்குடன் வரும் வண்டிகளைப் பற்றி நாம் குறை கூறவில்லை. அவற்றின் விளக்கு முழுவதும் அதற்கென்றே வடிவமைக்கப்பட்டது. ஆனால் ஹாலஜன் இழைக்காகச் செய்த ரிஃப்ளெக்டருக்குள் எல்.ஈ.டி.யைச் செருகினால், ஒளி பிறக்கும் இடமும் வடிவும் மாறிவிடுகின்றன. பெரும்பாலானவற்றில் வண்டிக்கு முன்னே பத்தடித் தூரம் வெள்ளமாய் ஒளி கொட்டும். வேண்டிய தொலைவில் அது குன்றும். மேலே சிதறுவது எதிரே வருபவரின் கண்ணுக்குப் போகும். அருகில் பிரகாசமாக இருப்பதால் ஓட்டுபவருக்கோ நன்றாகத் தெரிவதுபோன்ற மயக்கம் உண்டாகிறது. ஜெர்மனியில் 2020-ஆம் ஆண்டில் இத்தகைய எல்.ஈ.டி. பல்புகளுக்கு முதன்முறையாக அனுமதி தந்தபோதும், சோதித்துத் தேறிய குறிப்பிட்ட கார் வகைகளுக்கு மட்டுமே தந்தனர். எந்த வண்டிக்கும் எதுவும் பொருந்தும் என்பது தவறு என்பதற்கு இதுவே சான்று.

நான்காவது, அதே 60/55 வாட் அளவிலேயே, '30 சதவீதம் கூடுதல்', '100 சதவீதம் கூடுதல்' என்று அச்சிட்டு விற்கப்படும் உயர்தர ஹாலஜன் பல்புகள். இவை ஏமாற்றல்ல, ஆயினும் அந்த எண்ணின் பொருளை அறிதல் வேண்டும். 13.2 வோல்ட்டில் எச்-4 பல்பு பிரைட்டில் 1650 லூமென், டிம்மில் 1000 லூமென் ஒளி தரவேண்டும். நூற்றுக்குப் பதினைந்துக்கு மேல் கூடவோ குறையவோ கூடாது என்பது பன்னாட்டு விதி. விதிக்குள் நின்று மொத்த ஒளியை இரட்டிப்பாக்க எவராலும் இயலாது. இழையை மெலிதாகவும் நெருக்கமாகவும் சுற்றி, சாலையின் ஒரு குறிப்பிட்ட இடத்தில் ஒளியைச் செறியவைக்கிறார்கள். அட்டையில் காணும் சதவீதம் அந்த இடத்திற்கு உரியது. அன்றியும் அவ்விழை விரைவில் அறுந்துபோகும். சாதாரணப் பல்பின் ஆயுளில் பாதிகூட வராதவையும் உண்டு. இரவில் அடிக்கடி செல்வோர் இதனை அறிந்து வாங்கலாம்; வண்டிக்கு அதனால் தீங்கில்லை.

இவ்வளவும் கேட்ட ஆசிரியர், "அப்படியானால் நான்காவதை வாங்கிவிடுகிறேன்" என்று எழுந்தார். "ஐயா, சற்றுப் பொறுங்கள். உங்கள் பழைய பல்புக்கு உரிய மின்சாரம் போய்ச் சேருகிறதா என்று பார்த்தீர்களா?" என்று கேட்டோம். அவர் அதை எண்ணிப் பார்த்ததில்லை.

மறுநாள் நமக்குப் பழக்கமான ஆட்டோ எலெக்ட்ரீஷியனிடம் சென்றோம். என்ஜினை ஓடவிட்டு, விளக்கை ஏற்றி, மீட்டரை வைத்துப் பார்த்தார். பேட்டரியில் 13.8 வோல்ட் இருந்தது. பல்பின் ஹோல்டரிலோ 11.6 வோல்ட்தான்! இடைவழியில் இரண்டு வோல்ட்டுக்கு மேல் களவு போயிருந்தது. இது சிறு இழப்பு அன்று. இழைப் பல்பில் மின்னழுத்தம் சிறிது குறைந்தாலே ஒளி பெரிதும் குறையும். 10 சதவீதம் அழுத்தம் குறைந்தால் ஏறத்தாழ 28 சதவீதம் ஒளி போய்விடும். ஆசிரியரின் பல்புகள் தம் ஒளியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இழந்திருந்தன. களவாடியது யார்? துருப்பிடித்த எர்த் இணைப்பும், பச்சை பூத்த ஹோல்டரும். எலெக்ட்ரீஷியன் எர்த்தைச் சுரண்டி முறுக்கினார், ஹோல்டர்களை மாற்றினார், பேட்டரியிலிருந்து நேராகத் தடித்த கம்பி இழுத்து, ஃபியூஸுடன் ரிலேயும் வைத்தார். ஹோல்டரில் 13.3 வோல்ட் வந்தது. பழைய பல்பே புதிதாய்ப் பிறந்ததுபோல் எரிந்தது.

பின்னர் விளக்கின் முன்மூடியைத் துடைத்துப் பார்த்தோம். இக்காலத்து வண்டிகளில் இது கண்ணாடி அன்று. பாலிகார்பனேட் என்னும் பிளாஸ்டிக். வெயிலின் புறஊதாக் கதிர் பட்டுப்பட்டு மஞ்சளாகி, புகைபிடித்தாற்போல் ஆகிவிடும். அதன்பின் எவ்வளவு உயர்ந்த பல்பை உள்ளே வைத்தாலும் பாதி ஒளி மூடியிலேயே சிதறும். மெல்லிய வாட்டர் பேப்பரால் நீர்விட்டுத் தேய்த்து, பாலிஷ் இட்டு, புறஊதாக் கதிரைத் தடுக்கும் பூச்சும் கொடுத்தால் அது மீண்டும் தெளிவடையும். அந்தப் பூச்சைத் தவிர்த்துவிட்டால் சில மாதங்களில் பழைய கதைதான்.

எஞ்சியது விளக்கின் நோக்கு. சமதரையில், ஒரு சுவருக்கு எதிரே 5 மீட்டர் தொலைவில் காரை நிறுத்துங்கள். தரையிலிருந்து விளக்கின் நடுப்பகுதி வரை உள்ள உயரத்தை அளந்து சுவரில் கோடிடுங்கள். டிம் ஒளியின் மேல்விளிம்பு அக்கோட்டுக்கு ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் கீழே விழவேண்டும். இதுவே நூற்றுக்கு ஒன்று சரிவு. உங்கள் வண்டியில் வேறு அளவு குறிக்கப்பட்டிருப்பின் அதனையே பின்பற்றுக. நாம் இடப்புறம் ஓட்டுபவர்கள் ஆதலால், ஒளியின் விளிம்பு வலப்புறம் மட்டமாகவும், இடப்புறம் சற்றே மேலேறியும் இருக்கும். ஆசிரியரின் இடப்பக்க விளக்கு தரையைப் பார்த்தது. வலப்பக்க விளக்கோ எதிரே வருவோரின் நெற்றியைப் பார்த்தது! திருகாணியைச் சிறிது திருப்பியதில் இரண்டும் சரியாயின. பின்புறம் சுமை ஏற்றினால் வண்டியின் மூக்கு உயரும். அப்போது, உள்ளே இருக்கும் உயரம் திருத்தும் குமிழைத் திருப்பி ஒளியைத் தாழ்த்துதல் கடமையாகும்.

இங்கே ஒரு சிறு கணக்கை ஒவ்வொரு குடும்பத்தினரும் போட்டுப் பார்க்கவேண்டும். விளக்கின் உயரம் 65 சென்டிமீட்டர், சரிவு நூற்றுக்கு ஒன்று எனின், டிம் ஒளியின் விளிம்பு 65 மீட்டரில் தரையைத் தொடும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில், இடையூற்றைக் கண்டு பிரேக்கை மிதிக்க ஒன்றரை விநாடி ஆகுமானால், வண்டி நிற்பதற்குள் ஏறக்குறைய 48 மீட்டர் ஓடிவிடும். 80 கிலோமீட்டர் வேகத்தில் அதுவே 74 மீட்டர். அதுவும் நல்ல உலர்ந்த சாலையில். அஃதாவது, டிம் ஒளியில் 80-இல் செல்பவர், தாம் காணமுடியாத இடத்தில்தான் வண்டியை நிறுத்த இயலும். எந்தப் பல்பும் இதை மாற்றாது. ஏனெனில் பல்பு மாறினாலும் விளிம்பு அதே இடத்தில்தான் விழும். வேகத்தைக் குறைப்பது ஒன்றே வழி.

ஒரு வாரம் கழித்து ஆசிரியர் மீண்டும் வந்தார். சாலை நன்றாகத் தெரிகிறது என்றார். ஆயினும் சற்றுத் தயங்கி, "எதிரே வண்டி வந்தால் மட்டும் விளக்கைச் சுற்றி ஒளிவட்டமாய்ப் பரவி, எல்லாம் வெளுத்துப்போகிறது, தம்பி" என்று முடித்தார். இதற்கு மருந்து பல்புக் கடையில் இல்லை என்பதை அன்போடு எடுத்துரைத்தோம். அறுபது வயதில் விழித்திரையைச் சேரும் ஒளி, இருபது வயதில் சேர்வதில் மூன்றில் ஒரு பங்கு அளவே எனக் கண்ணியல் அறிஞர் கூறுவர். கண்ணின் வில்லையில் புரை தோன்றினாலோ, மஞ்சளித்த விளக்கு மூடியைப் போலவே அதுவும் ஒளியைச் சிதறடிக்கும். கண் மருத்துவர் சோதித்து, இரு கண்களிலும் புரை உள்ளது என்றும், சிகிச்சை முடியும்வரை இரவில் வண்டி ஓட்டலாகாது என்றும் சொல்லிவிட்டார்.

ஆசிரியர் மனம் வருந்தினார் என்பது உண்மை. "வண்டியின் கண்ணைப் பழுது பார்த்தேன், என் கண்ணை எண்ணவில்லையே" என்றார். ஆயினும் துணைவியாரிடம் தாமே சென்று சாவியைக் கொடுத்தார். இப்போது ஒரு கண்ணில் சிகிச்சை முடிந்துவிட்டது. மகள் வீட்டிற்குப் பகலிலேயே சென்று பகலிலேயே திரும்புகிறார்கள்.

ஆகவே வாசகர்களே, விளக்கு மங்கினால் இந்த வரிசையைக் கைக்கொள்ளுங்கள். முன்கண்ணாடியையும் விளக்கு மூடியையும் துடையுங்கள். ஹோல்டரில் வோல்ட்டை அளக்கச் சொல்லுங்கள். நோக்கைச் சரிசெய்யுங்கள். நாற்பது வயதைக் கடந்தவர் கண்ணைச் சோதித்துக்கொள்ளுங்கள். அதன்பின்னும் தேவையெனில் பல்பு வாங்குங்கள்: வண்டிக் கையேட்டில் குறித்த வகையும் வாட்டும் மாறாமல், வட்டத்துக்குள் 'ஈ' என்னும் ஆங்கில எழுத்தும் அருகே ஓர் எண்ணும் கொண்ட பன்னாட்டு ஒப்புதல் முத்திரை உள்ளதாய், இரண்டையும் ஒருசேர மாற்றுங்கள். கண்ணாடிப் பகுதியை வெறும் விரலால் தொடாதீர்கள். கையின் எண்ணெய்ப் பசை சூட்டில் கருகிப் பல்பைக் கெடுக்கும்.

நம் நாட்டின் 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் ஒன்று, விளக்குக்கு 8 மீட்டர் முன்னே, தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் உள்ள கண்ணை நம் ஒளி கூசவைக்கலாகாது என்கிறது. அந்த உயரத்தில் இருப்பது யாருடைய கண்? எதிரே நடந்து வரும் ஒரு தாயின் கண். சைக்கிளில் வீடு திரும்பும் ஓர் உழைப்பாளியின் கண். நாம் நன்றாகக் காணவேண்டும் என்பது நியாயமான விருப்பமே. ஆனால் சாலையில் நமக்கு எதிரே வருபவரும் வழியைக் கண்டாக வேண்டும். அவர் காணாதுபோனால் ஆபத்து அவருக்கு மட்டுமன்று, நமக்கும்தான்.