சிதம்பரம் செய்தது தற்காப்பா?

பூமணியின் 'வெக்கை' நாவல் 1982இல் வந்தது. அதைத் தழுவி வெற்றிமாறன் 'அசுரன்' படத்தை 2019இல் எடுத்தார். அண்ணனைக் கொன்ற நிலவுடைமையாளன் வடக்கூரானைச் சிறுவன் சிதம்பரம் வெட்டிச் சாய்த்தானே, அது தற்காப்பா, பழிவாங்கலா என்ற வாதம் இன்றும் ஓயவில்லை. "என்ன இருந்தாலும் கொலை கொலைதானே, போலீசுக்குப் போயிருக்க வேண்டும்" என்று உபதேசிக்கிறார்கள் நடுநிலையாளர்கள். நம் தோழர்களில் சிலரோ "அது தற்காப்பேதான்" என்று கைதட்டிவிட்டுக் கடந்துபோகிறார்கள். இரண்டு பேச்சும் நமக்கு உதவாது.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். இந்திய தண்டனைச் சட்டத்தின் 96 முதல் 106 வரையிலான பிரிவுகள் தற்காப்புரிமையைப் பற்றியவை. இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவில் அவை 34 முதல் 44 வரை. உயிர் போய்விடும் என்ற நியாயமான அச்சம் இருந்தால், தாக்க வருபவனைக் கொல்லவும் உரிமை உண்டு. தன் உயிரை மட்டுமல்ல, பிறர் உயிரைக் காக்கவும் உண்டு. ஆகவே, காட்டில் மகனைக் கொல்லச் சூழ்ந்தவர்களைச் சிவசாமி திருப்பித் தாக்கியது தற்காப்பு. அதில் சந்தேகமில்லை.

சிதம்பரம் செய்தது வேறு. அவன் காத்திருந்து தாக்கினான். நாவலில் கையை வெட்டத்தான் நினைத்தான், உயிரே போய்விட்டது. அந்த நொடியில் வடக்கூரான் அவனைக் கொல்ல வரவில்லை. சட்டப்படி அது தற்காப்பு ஆகாது. இதை ஒப்புக்கொள்வதில் நமக்கு ஒரு குறைவும் இல்லை.

ஆனால் அதே சட்டத்தின் 99ஆம் பிரிவு இன்னொன்றும் சொல்கிறது. அரசு அதிகாரிகளின் பாதுகாப்பை நாட நேரம் இருந்தால் தற்காப்புரிமை கிடையாதாம். நாடினால் பாதுகாப்பு கிடைக்கும் என்பது இதன் முன்முடிவு. யாருக்குக் கிடைக்கும்? மூத்த மகனை மீட்கச் சிவசாமி எதிர்த்தரப்பு ஊரில் ஒவ்வோர் ஆணின் காலிலும் விழுந்தார். அதற்குப் பிறகும் அந்த மகன் தலையில்லாத உடலாகத்தான் கிடைத்தான். கொல்லச் சொன்னவன் தலைநிமிர்ந்து நடமாடினான்.

கதைதானே என்பீர்களா? 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பண்ணையார் கோபாலகிருஷ்ண நாயுடுவை உயர்நீதிமன்றம் விடுதலை செய்தது. மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசன் மதுரை ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய்த் திரும்பும் வழியில்தான், 1997 ஜூன் 30 அன்று, பேருந்தை மறித்து வெட்டிக் கொல்லப்பட்டார். அவருக்கு நேரம் இருந்தது. அரசிடம் போனார். 99ஆம் பிரிவு கேட்பதை அப்படியே செய்தவரை அரசு காப்பாற்றவில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். சாதி மாறிக் காதலித்தவர்களைப் பெற்றவர்களே ஆள் வைத்துக் கொன்றால், "பெத்த வயிறு எரியாதா" என்று இதே ஊர் பரிந்து பேசுகிறது. உடுமலைப்பேட்டையில் 2016இல் சங்கர் பட்டப்பகலில் வெட்டப்பட்டபோதும் அந்தக் குரலைக் கேட்டோம். அண்ணனின் தலையில்லாத உடலைப் பார்த்த பையனின் வயிறு எரியாதா என்று ஏன் யாரும் கேட்பதில்லை? கொன்றவனின் மனசைப் புரிந்துகொள்வதிலும் சாதி பார்க்கிறது இந்தச் சமூகம்.

அதற்காக அரிவாளைத் தூக்கிக் கொண்டாடச் சொல்லவில்லை. அந்த ஒரு வெட்டுக்காக ஒரு குடும்பமே காட்டில் ஒளிந்து திரிந்தது. படத்தில் பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டு நீதிமன்றம் போகும் சிவசாமி, மகனைப் படிக்கச் சொல்கிறார். பிள்ளைகள் கையில் அரிவாள் வேண்டாம் என்பதுதான் நம் நிலையும்.

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன? வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, கடமையை வேண்டுமென்றே புறக்கணிக்கும் அரசு ஊழியரைத் தண்டிக்கச் சொல்கிறது. புகாரை வாங்க மறுத்த எத்தனை அதிகாரிகள் மீது அது பாய்ந்திருக்கிறது? "போலீசுக்குப் போயிருக்க வேண்டும்" என்று சிதம்பரத்துக்குப் புத்தி சொல்பவர்கள் முதலில் அந்த அதிகாரியிடம் போய்ப் பேசட்டும். அவனிடம் பிறகு வரலாம்.