எழுத்து இருக்கிறது, பேச்சு எங்கே?

இத்தாலி என்றதும் ரோமாபுரிதான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். ஆனால் அந்த ரோமாபுரியையே ஒரு காலத்தில் வேற்று மொழி பேசிய மன்னர்கள் ஆண்டார்கள் என்று ரோமானிய வரலாற்று ஆசிரியர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த மன்னர்கள் எட்ருஸ்கர்கள். ஆர்னோ நதிக்கும் டைபர் நதிக்கும் நடுவே நகரங்கள் அமைத்துச் செழிப்பாக வாழ்ந்த மக்கள். டஸ்கனி என்ற பெயரில் இன்றும் அவர்கள் நினைவு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

நதிமூலம், ரிஷிமூலம் பார்க்கக் கூடாது என்பார்கள். எட்ருஸ்கர் விஷயத்தில் 2,000 ஆண்டுகளுக்கும் மேலாக எல்லோரும் மூலத்தைத்தான் பார்த்தார்கள். ஆசியா மைனரிலிருந்து கப்பலேறி வந்தவர்கள் என்றார் கிரேக்க ஆசிரியர் ஹெரோடோட்டஸ். இல்லை, அந்த மண்ணிலேயே பிறந்தவர்கள் என்றார் டயோனிசியஸ். 2021-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி, அந்தப் பகுதிகளில் வாழ்ந்து மறைந்த 82 பழங்கால மனிதர்களின் மரபணுக்களை ஆராய்ந்தது. அண்டை வீட்டு லத்தீன்காரர்களுக்கும் எட்ருஸ்கர்களுக்கும் ரத்தத்தில் பெரிய பேதம் இல்லை என்று தெரிந்தது.

கேட்க வேண்டிய கேள்வி வேறு. இவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்பதல்ல. இவர்கள் பேசிய மொழி எங்கே போயிற்று?

எட்ருஸ்க மொழியை 'மர்ம மொழி' என்று சொல்வது பலருக்குப் பழக்கம். அது சரியல்ல. எழுத்து கிரேக்கத்திலிருந்து வந்தது. அறிந்தவர்கள் தடையின்றி வாசிக்கலாம். 13,000-க்கு மேற்பட்ட பொறிப்புகள் கிடைத்துள்ளன. ஆனால் பெரும்பாலானவை கல்லறை வாசகங்கள். இன்னார் மகன் இன்னார் என்பதற்கு மேல் அவை அதிகம் பேசுவதில்லை.

1964-ல் பிர்ஜி என்ற பழைய துறைமுகத்தில் மூன்று தங்கத் தகடுகள் அகப்பட்டன. இரண்டில் எட்ருஸ்க மொழி. ஒன்றில் பினீஷிய மொழி. இரண்டையும் ஒப்பிட்டபோது 'கி' என்றால் மூன்று என்பது உறுதியாயிற்று. ஒரு சின்ன எண்ணை உறுதி செய்யத் தங்கத் தகடு வேண்டியிருந்தது!

அவர்களுடைய நூல்களின் கதி இன்னும் பரிதாபம். 1848-ல் குரோஷிய நாட்டுச் சர்க்கார் உத்தியோகஸ்தர் ஒருவர், வேலையை விட்டுவிட்டு எகிப்து சென்று, பாடம் செய்யப்பட்ட பெண்ணின் உடல் ஒன்றை விலைக்கு வாங்கி வந்தார். அதைச் சுற்றியிருந்த துணியில் எழுத்து இருந்தது. அது எட்ருஸ்க மொழி என்று 1891-ல்தான் கண்டறிந்தார்கள். துணியில் எழுதிய சடங்கு நூலைக் கிழித்துப் பிணத்துக்குச் சுற்றியிருக்கிறார்கள்! சுமார் 1,200 சொற்கள் தேறின. இன்று ஜாக்ரெப் அருங்காட்சியகத்தில் இருக்கும் அதுவே எட்ருஸ்க மொழியில் கிடைத்த மிக நீண்ட வாசகம்.

இந்த மொழியைக் கொன்றது யார்? ரோமாபுரியின் வாள் என்று சொல்லிவிடலாம். கி.மு. 396-ல் வெயி நகரம் ரோமானியரிடம் வீழ்ந்தது உண்மை. ஆனால் அதற்குப் பிறகும் பல தலைமுறைகள் மொழி உயிரோடுதான் இருந்தது. கி.மு. 90-ஐ ஒட்டி ரோமானியக் குடியுரிமை கிடைத்தது. கச்சேரியில் லத்தீன், பட்டாளத்தில் லத்தீன், பதவிக்கும் லத்தீன். கல்லறைகளிலேயே முதலில் எட்ருஸ்கம், பிறகு இரண்டு மொழி, பிறகு லத்தீன் மட்டும் என்று ஆகிவிட்டது.

லத்தீன் கற்றதில் தவறு இல்லை. பிழைப்புக்கு அது வேண்டும். வீட்டில் பழையதை விட்டதுதான் தவறு. தகப்பன் இரண்டும் பேசினான். பேரன் ஒன்றுதான் பேசினான்.

சக்கரவர்த்தி கிளாடியஸ் எட்ருஸ்கர் வரலாற்றைக் கிரேக்க மொழியில் 20 பகுதிகளாக எழுதினார். படியெடுத்துக் காப்பாற்ற ஆள் இல்லை. ஒன்றுகூட மிஞ்சவில்லை. சக்கரவர்த்தி எழுதியதற்கே இந்தக் கதி!

தார்குவினியா கல்லறை ஓவியங்களை இன்றும் உல்லாசப் பயணிகள் வியந்து பார்க்கிறார்கள். வியக்கட்டும். ஆனால் பாதுகாக்க வேண்டியது பொன்னும் வண்ணமும் மட்டுமல்ல. உடைந்த ஓட்டில் கிறுக்கியிருக்கும் ஒரு சொல்லும் பொக்கிஷமே. மொழியைக் காப்பது அரசாங்கத்தின் வேலை என்று எட்ருஸ்கத் தகப்பன்மார்களும் நினைத்திருக்கலாம். தாத்தாவின் கல்லறையில் என்ன எழுதியிருக்கிறது என்று அவர்கள் வீட்டுப் பேரப்பிள்ளைக்கே புரியாமல் போய்விட்டது.