13 புள்ளிக் கோலம்

சென்ற ஆண்டு என் தங்கைக்குத் திருமணம். அழைக்க வேண்டியவர்களின் பட்டியல் 600 பேரைத் தாண்டியதும், எல்லாருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடலாம் என்று வீட்டில் முடிவானது. அம்மா மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "தட்டுல வெத்தலை பாக்கு வச்சு நேர்ல போய்ப் பத்திரிகை வைக்கலைன்னா பெரியவங்க யாரும் வரமாட்டாங்க" என்றார்.

தங்கை ஒரு வழி சொன்னாள். மற்றவர்களுக்குக் கைப்பேசியில் போகட்டும். நேரில் போயே தீரவேண்டிய 30 வீடுகளுக்கு மட்டும் அழைப்பிதழை நாமே கையால் செய்வோம். மெல்லிய மரப்பலகை ஒன்று மேலட்டை. அதில் எம்பிராய்டரி நூலால் ஒரு கோலம். உள்ளே அச்சிட்ட தாள். இரண்டையும் இடது ஓரத்தில் நூலால் கட்டிவிட்டால் புத்தகம்போல் திறக்கலாம்.

கேட்க அழகாக இருந்தது. முதல் வாரத்தில் பாதிப் பலகை குப்பைத்தொட்டிக்குப் போனது. செய்ய நினைப்பவர்களுக்கு உதவும் என்பதால், கெடுத்துக் கற்றதைச் சொல்கிறேன்.

முதலில் நாங்கள் வாங்கியது வெனீர். தாளைப்போல் மெல்லியது, ஊசி இறங்கியதும் மரத்தின் ரேகையோடு நேராகக் கிழிந்தது. பிறகு 1 மில்லிமீட்டர் பிளைவுட்டுக்கு மாறினோம். மாதிரி விமானம் செய்வோருக்கான கடைகளில் கிடைக்கும். ரேகைகள் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டப்பட்டிருப்பதால் எளிதில் கிழியாது.

துணியில் தைப்பதுபோல் ஊசியாலேயே குத்திக்கொண்டு போகமுடியாது. துளைகளை முன்கூட்டியே போடவேண்டும். சிறிய கைத்துரப்பணத்தில் 1 மில்லிமீட்டர் முனை போதும். அடியில் ஒரு வீண்பலகையை வைத்துத் துளைத்தால் பின்பக்கம் சிம்பு எழாது. துளைக்கும் துளைக்கும் 5 மில்லிமீட்டராவது இடைவெளி விடுங்கள். நெருக்கினால் நடுவில் இருக்கும் மரம் உடைந்து இரண்டு துளையும் ஒன்றாகிவிடும். லேசரில் துளைத்துத் தரச் சொல்லலாம்; ஆனால் விளிம்பில் கரி இருக்கும். துடைக்காமல் தைத்தால் வெள்ளை நூல் சாம்பல் நிறமாகிவிடும்.

துளைகள் என்றதும் அம்மாதான் "அது கோலப்புள்ளிதானே?" என்றார். ஆனால் எல்லாக் கோலமும் ஆகாது. சிக்குக் கோலம் புள்ளியைச் சுற்றி வளைந்து போகும். நூலோ புள்ளி வழியாகத்தான் போகும். ஆகவே, புள்ளியோடு புள்ளியை இணைக்கும் கோலம் வேண்டும். மேலே 1, அடுத்து இடைப்புள்ளியாக 4, 3, 4, கீழே 1. மொத்தம் 13 புள்ளி. அம்மா வாசலில் போடும் நட்சத்திரக் கோலம். வெளியே 12 புள்ளிகளை இணைத்து, நடுப்புள்ளியில் ஒரு சிறு மணி வைத்தோம்.

ஆறு இழை நூலைப் பிரித்து மூன்று இழையாகத் தையுங்கள். ஒரு முறைக்கு ஒரு முழத்துக்குமேல் வெட்டாதீர்கள். துளை விளிம்பில் உரசி உரசி நூல் பிசிராகும். முனை மழுங்கிய ஊசி நல்லது, மரத்தைக் கீறாது. வார்னிஷ் அடிப்பதாக இருந்தால் தைக்கும் முன்பே அடிக்கவேண்டும், அதுவும் இரண்டு பக்கமும். ஒரு பக்கம் மட்டும் அடித்தால் நம் ஊர் ஈரக்காற்றுக்குப் பலகை அப்பளமாய் வளையும். வார்னிஷ் இல்லாத பலகையில் மஞ்சள் தடவினால் அது ஊறிப் பரவிவிடும் என்பதும் பிறகுதான் தெரிந்தது.

பெயர்களைத் தைக்கப் பார்த்தோம். தமிழ் எழுத்தின் சுழிகளுக்கு இத்தனை பெரிய இடைவெளி சரிப்படவில்லை. பெயர்கள் அச்சுக்கே போயின.

ஒரு பலகைக்கு முக்கால் மணி நேரம். பத்து முடிந்ததும் முதல் அழைப்பு யாருக்கு என்ற கேள்வி வந்தது. "பெரியப்பாவுக்கு" என்றாள் தங்கை. யாரும் பேசவில்லை. ஒரு பணத் தகராறில் அப்பாவும் பெரியப்பாவும் ஒன்பது ஆண்டுகளாகப் பேசிக்கொள்வதில்லை.

கிள்ளானிலிருந்து ஈப்போவுக்கு அப்பாதான் காரோட்டினார். வீட்டு வாசலில் நிறுத்தியவர் இறங்கவில்லை. அம்மா தட்டை எடுத்துக்கொள்ள, நாங்கள் மூவரும் உள்ளே போனோம்.

பெரியப்பா தையற்காரர். 40 ஆண்டுகள் அதே தொழில். அழைப்பிதழைக் கையில் வாங்கியவர் முகூர்த்த நேரத்தைப் பார்க்கவில்லை, பெயர்களைப் பார்க்கவில்லை. மேலட்டையைத் திறந்து பலகையின் பின்பக்கத்தைக் கண்ணாடி போட்டுப் பார்த்தார். யாரும் பார்க்கமாட்டார்கள் என்று நாங்கள் விட்டுவைத்த முடிச்சுகள் எல்லாம் அங்கே இருந்தன.

"யாரு தச்சது?"

"நான்தான் பெரியப்பா."

"எதுக்கும்மா இத்தனை முடிச்சு? நூல் நுனிய முன்னாடி போட்ட தையலுக்கு அடியில நாலு தடவை செருகு. நிக்கும். மேலட்டையும் மேடு தட்டாம படியும்." சொல்லிவிட்டு ஊசி கேட்டார். பெரியம்மா எடுத்துவந்தார். ஒரு முடிச்சை அவிழ்த்து, செருகிக் காட்டினார். கை நடுங்கியது, தையல் நடுங்கவில்லை.

பிறகு, தலை நிமிராமலே கேட்டார். "உங்கப்பன் வரலையா?"

"கார்ல இருக்காரு பெரியப்பா."

"வெயில்ல என்ன பண்றான்? வந்து தண்ணி குடிச்சிட்டுப் போகச் சொல்லு."

அப்பா வந்தார். இருவரும் அதிகம் பேசவில்லை. நெடுஞ்சாலை நெரிசலைப் பற்றிப் பேசினார்கள். பழைய தகராறு தீர்ந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் திருமணத்தன்று பெரியப்பா முன்வரிசையில் இருந்தார். மீதி 20 பலகையும் முடிச்சில்லாமல் தைக்கப்பட்டவை.

மரத்துக்கோ நூலுக்கோ தனி மகிமை இருப்பதாக நான் நினைக்கவில்லை. முக்கால் மணி நேரம் ஒருவருக்காக உட்கார்ந்து தைத்ததைத் தபாலில் போட மனம் வராது. எடுத்துக்கொண்டு போகத்தான் தோன்றும். எங்களை ஈப்போவுக்குக் கூட்டிப்போனது அதுதான்.

உங்கள் வீட்டிலும் கல்யாணம் வருகிறதென்றால், பலகை வாங்கக் கடைக்கு ஓடாதீர்கள். முதலில் ஒரு தாளில் அந்த 30 பேர் யார் என்று எழுதுங்கள். எழுதத் தயங்கும் பெயர் ஒன்று இருக்கும். முதல் பலகையை அவருக்குத் தையுங்கள்.