லூவ்ரில் 7 நிமிடம், வேலூரில் சுவரில் ஓட்டை: திருடுபோன நகை 'என்னுடையது' என்று எப்படி நிரூபிப்பது?

ஆரணியில பட்டு, வேலூர்ல நகை. வட மாவட்டங்களில் பல வீடுகளில் கல்யாண வேலை தொடங்குவது இப்படித்தான். இரண்டு ஊருக்கும் இடையே சுமார் 40 கி.மீ. தூரம்தான். பாரிஸ் லூவ்ர் அருங்காட்சியகத்தில் நடந்த கொள்ளையை உலகமே பேசும்போது, இந்தப் பக்கத்து மக்களுக்கு நினைவுக்கு வருவது 2021 டிசம்பர் மாதம்.

பாரிஸில் என்ன நடந்தது?

2025 அக்டோபர் 19, ஞாயிற்றுக்கிழமை காலை. அருங்காட்சியகம் திறந்து அரை மணி நேரம்தான் ஆகியிருந்தது. வீடு மாற்றும்போது சாமான் ஏற்றுவார்களே, அந்த மாதிரி ஏணி பொருத்திய லாரி ஒன்று கட்டடத்தின் ஓரமாக வந்து நின்றது. ஜன்னல் கண்ணாடியை அறுத்து உள்ளே போனவர்கள் 8 அரச நகைகளுடன் பைக்கில் பறந்துவிட்டார்கள். எல்லாம் சேர்த்து சுமார் 7 நிமிடம்தான். மதிப்பு 8.8 கோடி யூரோ. அவசரத்தில் பேரரசி யூஜினியின் கிரீடத்தை மட்டும் வழியில் தவறவிட்டார்கள். ஒரு வாரத்துக்குள் போலீஸ் முதல் கைதுகளைச் செய்தது. ஆனால் அவர்களிடம் நகை இல்லை.

வேலூர் கதை இதற்குச் சளைத்ததில்லை

2021 டிசம்பர் 15. வேலூர் தோட்டப்பாளையத்தில் உள்ள ஜோஸ் ஆலுக்காஸ் கடையைக் காலையில் திறந்த ஊழியர்களுக்கு அதிர்ச்சி. பின்பக்கச் சுவரில் ஓட்டை. சுமார் 16 கிலோ நகையைக் காணவில்லை. சிசிடிவியில் தெரிந்தது சிங்க முகமூடி போட்ட ஒரு உருவம், கையில் ஸ்ப்ரே பெயின்ட். ஒவ்வொரு கேமராவாக அடித்து மறைத்துக்கொண்டே போயிருக்கிறது அந்த உருவம். 'மணி ஹெய்ஸ்ட்' தொடரின் கடைசி எபிசோடுகள் வெளியானது அதே மாதம் 3-ம் தேதி என்பதால், சமூக வலைதளங்களில் மீம்ஸுக்குப் பஞ்சமே இல்லை.

ஐந்தே நாளில் போலீஸ் பிடித்தது ஒரு 22 வயது இளைஞரை, அதுவும் அதே மாவட்டத்துக்காரர். நகை கிடைத்த இடம் ஒடுகத்தூர் சுடுகாடு. அங்கேதான் புதைத்து வைத்திருந்தார்.

அதற்கு இரண்டு வருஷம் முன்பு, 2019 அக்டோபர் 2 அதிகாலையில், திருச்சி லலிதா ஜுவல்லரியிலும் இதே பாணிதான். சுவரில் துளை, பொம்மை முகமூடி, மோப்ப நாயைக் குழப்ப மிளகாய்ப்பொடி. போனது சுமார் 13 கோடி ரூபாய் நகை.

ஏன் நமக்கு இந்தக் கதைகள் பிடிக்கின்றன?

பணக்காரனிடம் எடுத்து ஏழைக்குக் கொடுக்கும் திருடனை நாம் எப்போதோ ஹீரோ ஆக்கிவிட்டோம். 1954-ல் எம்.ஜி.ஆர். நடித்த 'மலைக்கள்ளன்' நாமக்கல் கவிஞரின் நாவல். பிரான்ஸில் 1905 முதல் ஆர்சென் லூபின். லண்டன் கோபுரத்தில் 1671-ல் அரச கிரீடத்தைத் திருடி மாட்டிக்கொண்ட தாமஸ் பிளட்டை மன்னர் இரண்டாம் சார்லஸே மன்னித்து, நிலமும் கொடுத்தார்! ரசிக்க நன்றாகத்தான் இருக்கிறது, நம்ம வீட்டு பீரோ உடையாத வரை.

தமிழின் மிகப் பெரிய நகைத் திருட்டுக் கதையோ வேறு மாதிரி. சிலப்பதிகாரத்தில் அரசியின் சிலம்பைத் திருடிய பொற்கொல்லன், பழியைக் கோவலன் மேல் போடுகிறான். கள்வர்களின் எட்டு உத்திகளைக் காவலர்களிடம் அவனே விளக்குகிறான். அதில் கடைசி மூன்று: இடம், காலம், கருவி. வேலூர் எஃப்.ஐ.ஆருக்கும் பொருந்தும்! சரியான விசாரணை இல்லாமல் கோவலன் கொல்லப்படுகிறான். பிறகு கண்ணகி வந்து சிலம்பை உடைத்த பிறகுதான் உண்மை தெரிகிறது. அரசியின் சிலம்பில் இருந்தது முத்து. இவள் சிலம்பில் இருந்தது மாணிக்கம்.

அதாவது, நகையை அடையாளம் காட்டும் சிக்கல் அன்றே இருந்தது. இன்றும் அதுதான் சிக்கல். லூவ்ர் நகையை உலகமே போட்டோவில் பார்த்திருக்கிறது. உங்கள் நாலு சவரன் செயினை?

பில் இருக்கா?

தங்கத்தை உருக்கிவிட்டால் எல்லா அடையாளமும் போய்விடும். திருடர்களுக்கு அதுதான் வசதி. உருக்கும் முன் நகை பிடிபட்டால், அது உங்களுடையது என்று காட்ட வேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல் ஹால்மார்க் நகையில் ஆறு இலக்க எச்.யு.ஐ.டி. எண் இருக்கிறது. எழுத்தும் எண்ணும் கலந்த இதை 'பிஐஎஸ் கேர்' ஆப்பில் சரிபார்க்கலாம். ஆனால் அதில் உங்கள் பெயர் வராது. நகையை உங்களோடு இணைப்பது பில்தான். பாட்டி கொடுத்த காசுமாலைக்கு எண்ணும் இல்லை, பில்லும் இல்லை. அதற்கு ஒரே வழி, கல்லும் கொக்கியும் தெரிய குளோசப்பில் போட்டோ எடுத்து, எடையை எழுதி வைப்பது. கல்யாண ஆல்பமும் கைகொடுக்கும்.

லாக்கரில் வைத்தால் கவலை இல்லை என்று நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு. 2022 ஜனவரி 1 முதல் அமலில் உள்ள ரிசர்வ் வங்கி விதிப்படி, திருட்டு, கொள்ளை, தீ விபத்து, ஊழியர் மோசடி ஆகியவற்றால் நகை போனால் வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையைப் போல 100 மடங்கு வரைதான். வாடகை 3,000 ரூபாய் என்றால் 3 லட்சம். சவரன் 90,000-ஐத் தாண்டிய பிறகு, அந்தப் பணத்தில் நாலு சவரன்கூட வராது. நகைக்குத் தனியாக இன்சூரன்ஸ் எடுப்பவர்கள் இன்னும் குறைவு.

மீட்ட நகை எப்போது கைக்கு வரும்?

வழக்கு முடியும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. போலீஸ் மீட்ட நகையைக் கேட்டு கோர்ட்டில் மனு போடலாம். இப்போதைய பி.என்.எஸ்.எஸ். சட்டத்தில் இது 497-வது பிரிவு. நகையை வருஷக்கணக்கில் ஸ்டேஷனில் வைத்திருக்கத் தேவையில்லை, போட்டோ எடுத்து, விவரத்தைப் பதிவு செய்து, பிணைப் பத்திரம் வாங்கிக்கொண்டு உரியவரிடம் கொடுக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2002-லேயே சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் சொல்லியிருக்கிறது. அப்படி வாங்கிய நகையை விற்கவோ, அழித்துப் புது டிசைன் செய்யவோ கூடாது என்பதுதான் பொதுவாக விதிக்கப்படும் நிபந்தனை. கோர்ட் கேட்டால் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். மற்றபடி ஆரணிப் பட்டோடு கல்யாணத்துக்குப் போட்டுக்கொண்டு போகலாம்.