சட்டத்துக்கு முந்திய நீர்வண்ணங்கள்

தாமஸ் மோரனின் மாபெரும் யெல்லோஸ்டோன் ஓவியத்தைப் பார்த்து மயங்கித்தான் அமெரிக்கா தன் முதல் தேசியப் பூங்காவை அமைத்தது என்று பலரும் எழுதுகிறார்கள். காலக்கணக்கு இடிக்கிறது. அதிபர் கிராண்ட் சட்டத்தில் கையெழுத்திட்டது 1872 மார்ச் 1 அன்று. ஏறத்தாழ 7 அடி உயரமும் 12 அடி அகலமும் கொண்ட அந்த ஓவியம் அதற்குப் பிறகே முடிந்தது. அரசு அதை 10,000 டாலருக்கு வாங்கியது. வாக்களிக்கும் முன் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்குக் காட்டப்பட்டவை, 1871இல் ஹேடனின் நிலவியல் ஆய்வுக்குழுவோடு போன மோரன் கொண்டுவந்த சிறு நீர்வண்ணங்கள். வெந்நீர் ஊற்றுகளையும் கொதிக்கும் சேற்றையும் பற்றி வேட்டைக்காரர்கள் சொன்னதைக் கட்டுக்கதை என்றே ஊரார் ஒதுக்கிவந்தார்கள். அதே குழுவோடு போன ஒளிப்படக்காரர் ஜாக்சனின் படங்கள் அவை உண்மை என்று காட்டின. ஆனால் அவை கறுப்பு வெள்ளைப் படங்கள். ஊற்றின் நடுவே ஆழ்ந்த நீலம், விளிம்பில் மஞ்சளும் துருச்சிவப்பும் என்பதற்கு மோரனின் தூரிகைதான் சாட்சி. ஆகவே, தொலைதூர நிலம் ஒன்றைக் காப்பதா என்று தீர்மானிக்கும் முன்பே ஆய்வுக்குழுவில் ஓவியருக்கு இடம் தரவேண்டும். முடிவெடுத்த பிறகு சுவரை அலங்கரிக்க அழைப்பதில் பயனில்லை.

மோரன் உள்ளதை உள்ளபடி வரையவில்லையே என்பார்கள். உண்மைதான், பல கோணங்களை ஒரே காட்சியில் இணைத்தார். அதே சமயம், முன்னால் தெரியும் பாறைகளை நிலவியலாளர் இனம் காணும் அளவுக்கு நுட்பமாகத் தீட்டியதாகவும் அவர் சொல்லியிருக்கிறார். ஆய்வுக்குழுவின் அறிக்கையும் ஒளிப்படமும் பக்கத்தில் இருந்ததால் அந்தச் சுதந்திரம் யாரையும் ஏமாற்றவில்லை. பயணச் செலவுக்கு ரயில்பாதை முதலீட்டாளர் ஜே குக் கடன் கொடுத்ததும் மறைக்க வேண்டிய செய்தியல்ல. சுற்றுலாப் பயணிகளை எதிர்பார்த்தவரின் பணத்தில் போனாலும், அந்த ஓவியங்கள் 20 லட்சம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் தனியார் கைக்குப் போகாமல் தடுக்க உதவின.

எனக்கு எளிதில் பதில் கிடைக்காத ஆட்சேபம் வேறொன்று. அந்த நிலம் ஆளற்ற காடல்ல. டுகுடிக்கா என்னும் ஷோஷோனி மக்கள் அங்கே மலையாடுகளை வேட்டையாடி வாழ்ந்தார்கள். 1872ஆம் ஆண்டுச் சட்டம் அங்கே குடியிருப்போரை அத்துமீறியவர்கள் என்றது. சில ஆண்டுகளில் அம்மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். அருவியும் ஊற்றும் உறுப்பினர்களின் கண்ணில் பட்ட அளவுக்கு அவர்களின் குடில்களும் வேட்டைத் தடங்களும் படவில்லை. இந்தப் பழியை மோரன் மீது மட்டும் சுமத்துவது அநியாயம். ஆனால் இனி காடும் பனிமலையும் தேடிப் போகும் ஓவியர், அங்கே அடுப்பு மூட்டி வாழ்பவர்களையும் அதே கவனத்தோடு வரைந்துவர வேண்டும் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.