கல்வராயன் மலைக்கு ஒரு 'கண்ணீர்த்துளி' வண்டி: பட்டறையில் செஞ்சிடலாம், ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல என்ன சொல்வீங்க?

கல்வராயன் மலைக்கு வார இறுதியில் போனவர்களுக்கு இது தெரிந்த கதைதான். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைப் பார்த்துவிட்டு, வளைவு வளைவாக ஏறி வெள்ளிமலை, கரியாலூர், மேகம் அருவி என்று சுற்றுவோம். சாயங்காலம் ஆனதும் "ரூம் எங்க?" என்ற கேள்வி வரும். ஊட்டி, ஏற்காடு மாதிரி தெருவுக்கு நாலு லாட்ஜ் இங்கே கிடையாது. கடைசியில் இருட்டில் மலை இறங்கி கள்ளக்குறிச்சிக்கே திரும்பி வருவோம்.

அப்படித் திரும்பி வந்த ஒரு ராத்திரியில்தான் என் நண்பன் அந்த ரீல்ஸைக் காட்டினான். காருக்குப் பின்னால் இழுத்துப்போகும் குட்டிப் பெட்டி. முன்பக்கம் உருண்டு, பின்பக்கம் சரிந்து, பக்கவாட்டில் பார்த்தால் படுத்திருக்கும் நீர்த்துளி மாதிரி இருக்கும். அதனால்தான் அதற்கு 'டியர்டிராப் டிரெய்லர்' என்று பெயர். உள்ளே இரண்டு பேர் படுக்க மெத்தை, அவ்வளவுதான். நிமிர்ந்து நிற்க முடியாது. பின்கதவைத் தூக்கினால் சமையல் மேடை. "இதை நாமே செஞ்சா என்னடா?" என்றான்.

செய்யலாம். இது பெரிய கம்பெனிகள் கண்டுபிடித்த வண்டியே இல்லை. 1930-களில் அமெரிக்காவில் வீட்டுக் கொல்லையில் பிறந்தது. 1947-ல் 'மெக்கானிக்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்' பத்திரிகை இதற்கான வரைபடத்தையே வெளியிட்டது. படித்தவர்கள் ரம்பத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள்.

அந்த டிசைனின் ரகசியம் ஒரு பிளைவுட் ஷீட். எட்டுக்கு நாலு அடி. நம்ம ஊர் கடையிலும் அதே அளவுதான். எட்டு அடி நீளம் ஒரு பக்கச் சுவர், நாலு அடி அதன் உயரம். ஆறரை அடி படுக்கைக்குப் போனால், மிச்சம் ஒன்றரை அடியில் பின்பக்கச் சமையலறை. வேஸ்ட் குறைவு. மழையில் ஊறாத மரைன் பிளை, அதாவது ஐ.எஸ். 710 முத்திரை உள்ளதைத்தான் வாங்க வேண்டும். மேலே அலுமினியத் தகடு, நடுவில் வெயில் இறங்காமல் இருக்க தெர்மகோல்.

ஆனால் எடையில்தான் எல்லாரும் சறுக்குகிறார்கள். 18 மி.மீ. தடிமனுள்ள ஒரு ஷீட்டே முப்பது கிலோவைத் தாண்டும். "ஸ்ட்ராங்கா இருக்கட்டும்" என்று தரை, சுவர், கூரை எல்லாவற்றிலும் அதையே அடித்தால், கல்வராயன் ஏற்றத்தில் உங்கள் கார் அழும். சட்டம், அச்சு, மெத்தை, தண்ணீர் கேன் எல்லாம் சேர்த்து 400 கிலோவுக்குள் நிற்பது நல்லது. அதில் பத்திலிருந்து பதினைந்து சதவீதம், அதாவது 40 முதல் 60 கிலோ, காரின் கொக்கி மேல் உட்கார வேண்டும். அதற்குக் குறைந்தால் வேகத்தில் டிரெய்லர் பாம்பு மாதிரி நெளியும். வீட்டில் எடை பார்க்கும் மெஷினை கொக்கிக்கு அடியில் வைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

ஏறுவதை விட இறங்குவதுதான் ஆபத்து. டிரெய்லரில் பிரேக் இல்லையென்றால் கொண்டை ஊசி வளைவில் அந்த 400 கிலோவும் காரை முதுகில் தள்ளும். டிரெய்லர் சக்கரம் காரின் தடத்தில் வராமல் வளைவின் உள்பக்கமாக வெட்டிக்கொண்டும் வரும். அதனால் அகலம் குறைவாக இருக்கட்டும், இறக்கத்தில் சின்ன கியரில் வாருங்கள். காரின் சக்கரத்தையே டிரெய்லருக்கும் போட்டால் ஒரே ஸ்டெப்னி ரெண்டுக்கும் உதவும். முக்கியமா ஒண்ணு: கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே அடுப்பு பற்ற வைக்காதீர்கள். அடைத்த பெட்டியில் கார்பன் மோனாக்சைடு தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். சமையல் மேடை வெளியே இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். எதிரெதிரே இரண்டு காற்றுத் துளைகள் கட்டாயம்.

இதையெல்லாம் செய்ய கை இருக்கிறதா? இந்தப் பக்கத்தில் அதற்குப் பஞ்சமே இல்லை. லாரி பாடி கட்ட நாமக்கல், ரிக் வண்டிக்கு திருச்செங்கோடு. சின்னசேலம் பக்கம் ஒரு வெல்டிங் பட்டறையில் நண்பனின் சார்ட் பேப்பர் வரைபடத்தைக் காட்டினோம். பட்டறைக்காரர் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "டிராக்டர் டிரெய்லர்ல பாதி கூட இல்லையே தம்பி, பத்து நாள் வேலை" என்றார். அடுத்து அவரே கேட்டார்: "நம்பர் வாங்கிடுவீங்களா?"

அங்கேதான் மாட்டிக்கொண்டோம்.

மோட்டார் வாகனச் சட்டம், 1988-ன்படி டிரெய்லரும் ஒரு மோட்டார் வாகனம். தனியாகப் பதிவு வேண்டும். இல்லாமல் ஓட்டினால் முதல் முறை 5,000 ரூபாய் வரை அபராதம். அபராதம்கூடப் பரவாயில்லை. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கைவிரிக்க அதுவே போதும்.

சுவாரசியம் என்னவென்றால், மத்திய அரசு 2004-ல் வெளியிட்ட வாகன வகைப் பட்டியலில் 'சொந்த உபயோகத்துக்கான கேம்பர் வேன் அல்லது டிரெய்லர்' என்று ஒரு வரி இருக்கிறது. வகை இருக்கிறது. ஆனால் பதிவுக்கு, அந்த மாடல் அரசு அங்கீகரித்த சோதனை மையத்தில் தேறியதற்கான சான்று கேட்பார்கள். ஆயிரக்கணக்கில் தயாரிக்கும் கம்பெனிக்குப் பொருந்தும் விதி அது. வாழ்க்கையில் ஒரே ஒரு வண்டி செய்யப்போகிறவனை மனதில் வைத்து எழுதியது இல்லை.

பரமத்திவேலூரைச் சேர்ந்த கட்டிடக்கலைஞர் அருண் பிரபு நினைவிருக்கிறதா? பழைய ஆட்டோவின் மேல் 36 சதுர அடியில், சுமார் ஒரு லட்சம் ரூபாயில் 'சோலோ 0.1' என்று ஒரு வீட்டையே கட்டியவர். 2021-ல் ஆனந்த் மஹிந்திரா ட்வீட் போட்டு, பொலிரோ பிக்கப் மேல் இப்படிச் செய்ய முடியுமா என்று கேட்டார். நாடே கைதட்டியது. ஆனால் அதே மாதிரி செய்ய ஆசைப்படும் அடுத்த பையனுக்கு நாம் ஒரு வழியும் போட்டுத் தரவில்லை. லைக் மட்டும்தான் போட்டோம்.

வெளிநாட்டில் எப்படி? பிரிட்டனில் ஒற்றை வண்டி செய்பவர் தன் வண்டியைத் தனியாகச் சோதனைக்குக் கொண்டுபோய் அனுமதி வாங்கலாம். அமெரிக்காவின் பல மாநிலங்களில் வீட்டில் செய்த டிரெய்லரை அதிகாரி நேரில் பார்த்து எண் கொடுக்கிறார். நமக்கும் அதுதான் வேண்டும். 750 கிலோவுக்குக் குறைந்த சொந்த உபயோக டிரெய்லர் என்றால், எடை மேடைச் சீட்டு, அச்சு, வெல்டிங், கொக்கி, பாதுகாப்புச் சங்கிலி, பின்விளக்கு இவ்வளவையும் வட்டார அலுவலகத்திலேயே பார்த்து, சேஸிஸ் எண் குத்திக் கொடுக்கட்டும். விதியை மாற்ற வேண்டியது டெல்லி. ஆனால் கேட்க வேண்டியது தமிழ்நாடு. 2023 சுற்றுலாக் கொள்கையில் கேரவன் சுற்றுலாவையும் சேர்த்துக்கொண்ட அரசு அது.

'ஆளாளுக்கு வெல்டு பண்ணி ரோட்டில் விட்டால் என்ன ஆகும்?' நியாயமான பயம். கரும்பு சீசனில் பின்விளக்கே இல்லாத டிராக்டர் டிரெய்லருக்குப் பின்னால் ராத்திரி பைக் ஓட்டியவர்களுக்கு அது நன்றாகவே புரியும். என் வாதமும் அதேதான். வழியே இல்லை என்றால் ஆசைப்பட்டவன் சோதனை இல்லாமல் ஓட்டுவான். வழி இருந்தால் யாராவது ஒருவர் குனிந்து அந்த வெல்டிங்கைப் பார்ப்பார்.

இன்னொரு விஷயமும் சொல்லணும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் 60-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றபோதுதான் கல்வராயன் என்ற பெயரே பலருக்கு அறிமுகம். மலைவாழ் மக்களின் ரோடு, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் பற்றி சென்னை உயர் நீதிமன்றமே தாமாக முன்வந்து கேள்வி கேட்டது. நாம் மெத்தையோடு மலையேறும்போது அவர்களுக்கு என்ன கிடைக்கிறது? லாட்ஜ் வந்தால் முதலாளி பெரும்பாலும் வெளியூர்க்காரராகத்தான் இருப்பார். டிரெய்லருக்கு வேண்டியதோ ஒரு களத்து மேடு, ஒரு தண்ணீர்க் குழாய், ஒரு கழிவறை. அதை ஒரு மலையாளிக் குடும்பம் தன் சொந்த நிலத்தில் வைத்தே வாடகைக்கு விடலாம். சாமை சோறும் சேர்த்துக் கேட்டால் இன்னும் நல்லது.

காப்புக்காட்டுக்குள் நிறுத்துவது மட்டும் வேண்டாம், அனுமதி இல்லாமல் நுழைந்தால் அது குற்றம். வெள்ளிமலை பக்கம் தெரிந்தவர் யாராவது இருந்தால் முன்னாடியே போன் பண்ணி, இடத்துக்கு எவ்வளவு என்று பேசிவிட்டுப் போங்கள். எங்கள் சார்ட் பேப்பர் இப்போதைக்குப் பட்டறைச் சுவரில்தான் தொங்குகிறது. வெல்டிங் மெஷினை இன்னும் ஆன் பண்ணவில்லை.